அந்த அத்தியாயத்தையும் வகுப்பில் நடத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிகளில் உளவியல் படிப்புக்கு மாணவர் சேர்க்கை பெருகிவருவது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அத்துறையில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்ற முறையில், கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மனிதப் பாலியலின் உளவியல் எங்கள் பாடநூல்களில் ஓர் அத்தியாயமாக இருக்கும், வகுப்பில் இருக்காது. நான் இளங்கலை படித்தபோது, "இதை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள், தேர்வில் வராது" என்று எங்கள் பேராசிரியர் அந்தப் பக்கங்களை மொத்தமாகப் புரட்டிவிட்டார். பணியில் சேர்ந்த புதிதில் நானும் அதையேதான் செய்தேன்.

என்னை மாற்றியது ஒரு மாணவன் நான்காக மடித்துக் கொண்டுவந்த நோட்டீஸ். பேருந்து நிலையத்தில் யாரோ கையில் திணித்தது. லாட்ஜ் அறை எண், வைத்தியர் வரும் தேதி, அவற்றுக்கு மேலே கொட்டை எழுத்தில், "இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா?" எல்லோரும் வெளியேறிய பிறகு, "இது உண்மையா மேடம்?" என்று கேட்டான். மூன்றாம் ஆண்டு உளவியல் மாணவன் அவன்! விந்து வெளியேறினால் உடல் நலிந்துவிடும் என்ற அச்சமே சோர்வாகவும் படபடப்பாகவும் வெளிப்படும் நிலைக்கு, மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டார். அந்தத் 'தாத்', நம் வைத்தியர்கள் விந்துவைக் குறித்துச் சொல்லும் 'தாது'தான். வியன்னாவில் ஃபிராய்டு கண்ட நோயாளிகளைப் பற்றி வாரக்கணக்கில் பேசிய நான், எங்கள் ஊர்ச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்த இந்த உளவியலைக் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறேன்.

இப்பாடம் கிளர்ச்சியூட்டும் என்று அஞ்சுவோர் ஒருமுறை வகுப்பில் வந்து அமரலாம். அமெரிக்க ஆய்வாளர் ஆல்பிரெட் கின்சி மனிதரின் பாலியல் நடத்தை பற்றி 1948-லும் 1953-லும் வெளியிட்ட ஆய்வுகளில், தாமாக முன்வந்தோரையே பெரிதும் நம்பித் தரவு திரட்டியதால் எண்கள் எவ்வாறு பிசகியிருக்கக்கூடும் என்று விவாதிக்கும்போது, மாணவர்கள் கற்பது பெரும்பாலும் ஆய்வுமுறையியல்தான்; கொஞ்சம் கொட்டாவியும் வரும்.

பட்டம் பெற்றவர்கள் பலர் மேற்படிப்பு முடித்து ஆலோசகர்களாகிறார்கள் என்பதால் இது கல்லூரியோடு முடிகிற விஷயமும் அன்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒருபாலீர்ப்பை 1973-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார அமைப்பு 1990-இல் நீக்கியது. ஆனால், மகனை 'மாற்றித்தர' வேண்டி வரும் பெற்றோரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் என்னைத் தொலைபேசியில் அழைத்த பழைய மாணவர்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் தமக்கே முழுமையாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே, 2021 ஜூனில் அத்தகைய 'சிகிச்சை' முயற்சிகளைத் தடைசெய்யும் உத்தரவைப் பிறப்பித்தார். நீதிபதிக்கு இல்லாத கூச்சம் பேராசிரியர்களுக்கு எதற்கு?

இப்பொருளைத் தனித்தாளாக, கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. எனினும், பாடத்திட்டத்தைத் திருத்துவதைக் காட்டிலும் ஆசிரியர்களின் நாக்கூச்சத்தைப் போக்குவதுதான் கடினம். கோடை விடுமுறையில் அவர்களுக்குப் பயிற்சி தரலாம். விந்து, சுயஇன்பம், ஒருபாலீர்ப்பு என்ற சொற்களை, இருபாலரும் அமர்ந்திருக்கும் வகுப்பில், கரும்பலகையில் தமிழிலேயே எழுதிப் பழகுவதிலிருந்து அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியை,
மதுரை.