ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு விளையாட, பெற்றோருக்குக் கோயில் மண்டபங்களில் பயிற்சி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த வாசகர் கடிதங்கள் பெரும்பாலும் சிறப்புப் பள்ளிகளில் இடம் கிடைக்காததைப் பற்றியே பேசின. அந்தக் குறை நியாயமானதுதான். எல்லாக் குழந்தைகளையும் உள்ளடக்கிய கல்வியை இருபது ஆண்டுகளில் நிறைவேற்றுவதாகத் தென்னாப்பிரிக்க அரசு 2001ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையில் அறிவித்தது. அந்தக் கெடு முடிந்த பிறகும் பெற்றோர் பலர் காத்திருப்போர் பட்டியலிலேயே இருக்கிறார்கள். ஆனால், காத்திருக்கும் அந்தக் காலத்தில் வீட்டார் என்ன செய்யலாம் என்பதைப் பற்றி எவரும் எழுதவில்லை. ஆட்டிசம் உள்ள ஒரு பேரனின் தாத்தா என்ற முறையில் அதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் ஸ்டான்லி கிரீன்ஸ்பானும் உளவியலாளர் செரீனா வீடரும் வகுத்த ‘ஃப்ளோர் டைம்’ என்னும் முறையில், பெரியவர் தரையில் அமர்ந்து, குழந்தை எதில் ஈடுபட்டிருக்கிறதோ அதிலேயே தாமும் கலந்துகொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு இருபது முதல் முப்பது நிமிடம் வரை, நாளில் பல தடவை இப்படி விளையாட வேண்டும் என்பது கிரீன்ஸ்பானின் பரிந்துரை. பார்வை, சிரிப்பு, கைநீட்டல் என எந்த வடிவிலாவது குழந்தை நமக்குப் பதில் தர வேண்டும், அதற்கு நாம் பதில் தர வேண்டும், அந்தப் போக்குவரத்து அறுபடாமல் நீள வேண்டும். இந்த முறையின் சாரம் அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்ல வைப்பது இதில் சேராது.

என் பேரன் ஒரு பொம்மைக் காரைத் தரையில் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருப்பான், கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் ஒருவர் சொன்னபடி, என் மனைவி அந்தக் காரைப் பிடுங்காமல், அவன் எதிரே குப்புறப் படுத்து, பாதையின் குறுக்கே கையை நீட்டி, “மரியன்ஹில் டோல் வந்தாச்சு, காசு கொடுங்க சார்” என்றாள் (மரியன்ஹில் எங்கள் டர்பன் பக்கத்துச் சுங்கச்சாவடி). அவன் முதலில் சிணுங்கினான். பிறகு அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வழி செய்தான். சில நாள்களில், கை குறுக்கே வருவதற்கு முன்பாகவே தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினான். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனையும் என்று தெரபிஸ்ட் விளக்கியபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் தமிழ் பேசுவது குறைந்துபோனாலும் பாட்டிமார்களின் கைவிளையாட்டுகள் சில எஞ்சியிருக்கின்றன. உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கிட்டு, பிறகு நண்டு ஊர்வதுபோல் விரல்களைக் கைமேல் நடத்திக்கொண்டு போய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவார்கள் அல்லவா? அக்குளை எட்டுவதற்குச் சற்று முன் பாட்டி நிறுத்துகிறாளே, அந்த நிறுத்தத்தில்தான் குழந்தை “ம்” என்கிறது, கையை இழுக்கிறது, மேலும் வேண்டும் என்று கேட்கிறது. தெரபிஸ்டுகள் பெற்றோருக்குப் பாடுபட்டுக் கற்பிக்கும் நுட்பம் இதுவே. சில குழந்தைகளுக்குத் தொடுவதே பிடிக்காது; அவர்களிடம் வேறு வழியில்தான் போக வேண்டும்.

இதற்குச் சான்று உண்டா என்று கேட்பவர்களுக்கு: தாய்லாந்தில் 32 குழந்தைகளைக் கொண்டு 2011இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம், வாரம் சராசரியாக 15 மணி நேரம் பெற்றோர் வீட்டிலேயே ஃப்ளோர் டைம் செய்ததில் முன்னேற்றம் தெரிந்தது. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வில், இதைப் போன்ற வேறொரு முறையை அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் பெற்றோருக்கு, சிறப்பு மருத்துவர் அல்லாத சாதாரண நலப் பணியாளர்களே கற்பித்தார்கள். 2016இல் வெளியான அந்த முடிவுகளின்படி குழந்தைகள் தாமாகப் பெற்றோரிடம் தொடர்புகொள்வது கூடியது. இருவரும் ஒன்றில் சேர்ந்து கவனம் செலுத்தும் நேரமோ குறைந்தது. ஆக, சான்று இருக்கிறது, ஆனால் சிறிய அளவில்தான் இருக்கிறது. “முழுவதும் குணமாக்குகிறோம்” என்று சொல்லி மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவோரை நம்பக் கூடாது. விளையாட்டை நம்பிச் செவித்திறன் பரிசோதனையையும் பேச்சுப் பயிற்சியையும் தள்ளிப்போடவும் கூடாது.

என்னை ஈர்த்தது, பெற்றோருக்கே கற்றுக்கொடுத்த அந்தத் தெற்காசிய ஆய்வின் ஏற்பாடுதான். டர்பன் வட்டாரத்தின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பகுதிக் கோயில்களின் மண்டபங்கள் திருமணமும் திருவிழாவும் இல்லாத சனிக்கிழமைக் காலைகளில் பூட்டியே கிடக்கின்றன. மாதம் இருமுறை ஒரு தெரபிஸ்டை வரவழைத்து, பத்துக் குடும்பங்களுக்குப் பாய் விரித்துக் கொடுத்தால் போதும். அம்மாவோடு பாட்டியும் தாத்தாவும் கட்டாயம் வர வேண்டும், ஏனெனில் பகலில் பிள்ளையோடு இருப்பவர்கள் அவர்களே. நாதஸ்வரத்துக்கும் மேளத்துக்கும் காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளையைப் பார்த்து “வளர்ப்பு சரியில்லை” என்று முணுமுணுக்கும் நிர்வாகிகளும் ஒருநாள் அந்தப் பாயில் வந்து உட்காரலாம்.

எங்கள் பகுதிக் கோயில் நிர்வாகக் குழுவுக்கு இந்தக் கோரிக்கையை எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன். மற்ற ஊர்களில் எவரேனும் இப்படி நடத்தி வந்தால், நேரம், செலவு, தெரபிஸ்டுக்குக் கொடுக்கும் ஊதியம் ஆகிய விவரங்களைத் தங்கள் இதழ் வழியாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு தாத்தா,
சாட்ஸ்வொர்த், டர்பன்