பனியைத் தடுக்கும் மலைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், பனி பெய்யாததால்தான் அங்கே தரை வெறுமையாகக் கிடக்கிறது என்று எழுதப்பட்டிருந்தது. பனிப்பொழிவு குறைவு என்பது உண்மையே. ஆனால் அக்கண்டத்தின் உட்பகுதியிலும் பனிப்பொழிவு சொற்பம்தான். இருந்தும் அங்கே பனிக்கட்டி கிலோமீட்டர் கணக்கில் குவிந்திருக்கிறது. ஆகவே காரணத்தை மலைகளில்தான் தேட வேண்டும். கட்டுரையிலோ மலைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கண்டத்தைக் குறுக்கே பிரிக்கும் டிரான்ஸ் அண்டார்க்டிக் மலைத்தொடர் ஏறத்தாழ 3,500 கி.மீ. நீளமுடையது. உட்பகுதியிலிருந்து கடலை நோக்கி நகரும் பெரும் பனிப்பாளத்தை இத்தொடர் தடுத்துவிடுவதால், டெய்லர் பனியாறு போன்ற சில பனியாறுகள் (மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்கள்) மட்டுமே பள்ளத்தாக்கின் தலைமாட்டுவரை வந்து நின்றுவிடுகின்றன. அதோடு, உட்பகுதிப் பீடபூமியிலிருந்து சரிவில் இறங்கும் கனத்த குளிர்காற்று, இறங்க இறங்க அழுத்தத்தால் சூடேறி வறண்டு, விழுந்த கொஞ்சநஞ்சப் பனியையும் உருகவிடாமலே ஆவியாக்கிவிடுகிறது.

மலை குறுக்கே நின்று தடுப்பது நீலகிரியில் வசிப்பவர்களுக்குப் புதிதல்ல. ஆடி மாதத்தில் கூடலூர்ப் பக்கம் மழை கொட்டும்போது, மலையின் மறைவிலுள்ள மசினகுடி காய்ந்து கிடப்பதைப் பார்க்கிறோம். காற்றின் விஷயத்தில் மட்டும் எங்கள் அனுபவம் நேர் எதிரானது: ஜனவரி விடியற்காலையில் தாழ்வான இடத்துத் தேயிலை உறைபனியில் கருகிக் கிடக்க, சற்று மேலே சரிவிலுள்ள செடிகள் பச்சையாகவே நிற்கும். இங்கே குளிர்காற்று மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அண்டார்க்டிகாவிலோ அது தேங்காமல் சூறாவளி வேகத்தில் வீசிச் செல்கிறது.

கட்டுரையுடன் வந்த வண்ணப்படங்கள் அழகானவை. ஆனால் ஒரு நிலவரைபடம் அவற்றைவிடப் பயன்பட்டிருக்கும். அந்த வறண்ட பள்ளத்தாக்குகளில் ஒன்றான ரைட் பள்ளத்தாக்குக்கு வடக்கே ஒலிம்பஸ் தொடர், ரைட் பள்ளத்தாக்குக்கும் டெய்லர் பள்ளத்தாக்குக்கும் நடுவே ஆஸ்கார்டு தொடர், டெய்லருக்குத் தெற்கே கூர்க்காக்களின் கத்தியின் பெயரைத் தாங்கிய குக்ரி குன்றுகள் என்ற அமைப்பைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

மேலும், ரைட் பள்ளத்தாக்கில் ஓடும் ஓனிக்ஸ் ஆறு கடலில் கலப்பதாக அச்சாகியிருப்பதைத் தயவுசெய்து திருத்துங்கள். கோடையில் சில வாரங்களே ஓடும் அந்த ஆறு, கடலோரப் பக்கமுள்ள ரைட் கீழ்ப் பனியாற்றில் பிறந்து, கடலுக்குப் புறங்காட்டி உள்நாட்டை நோக்கி 30 கி.மீ.க்குச் சற்றே கூடுதலாக ஓடி, வெளியேறும் வழியே இல்லாத வாண்டா ஏரியில் முடிகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.