"கட்டிக்கு மட்டும்தான் போகும்" என்று சொல்லாதீர்கள்

புற்றுநோய்ச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து ஏற்றும் நானோ மருந்து பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1995-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. குமிழியில் அடைக்காத பழைய மருந்தைவிட இதயத்துக்குப் பாதிப்பு குறைவு என்பதை நன்றியோடு ஒத்துக்கொள்கிறேன். என் கோபம் மருந்தின் மேல் இல்லை, அதை ஏற்றும்போது சொல்கிறார்களே, "இது நானோ மருந்தும்மா, கட்டிக்கு மட்டும்தான் போகும்" என்று, அந்தப் பேச்சின் மேல்.

சினைப்பைப் புற்றுநோய் திரும்பி வந்த என் சின்னம்மாவிடமும் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டாவது சுற்று முடிந்தபின் உள்ளங்கை சிவந்து எரிந்தது. பாத்திரம் தேய்க்கிற பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை மாற்றினார். கொதிக்கக் கொதிக்கச் சோறு வடிப்பதையும் வெந்நீரில் பாத்திரம் அலசுவதையும் விடவில்லை. கொஞ்ச நாளில் தோல் உரிந்து, ரவிக்கைக் கொக்கி மாட்டக்கூட என் மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கட்டிக்கு மட்டும் போகிற மருந்து கைத்தோலிலும் வந்து சேரும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? சூடு, உராய்வு, இறுக்கமான செருப்பு எல்லாவற்றையும் தவிர்க்கச் சொல்ல ஒரு நிமிடம் போதுமே.

கட்டியின் ரத்தக் குழாய்கள் அவசரமாக வளர்ந்தவை, சுவரில் இடைவெளி இருக்கும், நிணநீர் வடிகாலும் சரியாக இருக்காது, அதனால் பெரிய மூலக்கூறுகள் அங்கே தேங்கும் என்று 1986-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேதாவும் எழுதினார்கள். சரி, தேங்குகிறது. எவ்வளவு? பெரும்பாலும் எலிகளில் நடந்த பத்தாண்டு ஆய்வுகளை டொராண்டோ பல்கலைக்கழகத்தினர் 2016-ல் தொகுத்துப் பார்த்தார்கள். ஏற்றிய நானோ துகள்களில் கட்டியைச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்வது அதைவிடப் பல மடங்கு. மனிதர்களிலோ ஆளுக்கு ஆள், ஒரே ஆளிலும் கட்டிக்குக் கட்டி இந்த அளவு மாறும். இதெல்லாம் தெரிந்த நீங்கள் "மட்டும்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நான் கேட்பது ஒரு தாள். மருந்து உடம்பில் வேறு எங்கெல்லாம் போகும், எந்த அறிகுறி வந்தால் உடனே சொல்ல வேண்டும், வீட்டில் எதைத் தவிர்க்க வேண்டும் என்று தமிழில் எழுதி, முதல் சுற்றுக்கு முன்பே கையில் கொடுங்கள்.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் நீட்டப்படுகிறது. "இங்கே கையெழுத்துப் போடுங்க" என்ற விரல்தான் விளக்கம். முன்பணம் எவ்வளவு என்பதை மட்டும் இரண்டு முறை நிதானமாகச் சொல்கிறார்கள். வார்டில் ஓய்வில்லாமல் ஓடும் செவிலியர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் கொடுக்க ஒரு தாள்கூட அச்சடித்துத் தராத நிர்வாகத்தைத்தான் கேட்கிறேன்.

மருந்து வேலை செய்யாது என்று எழுதச் சொல்லவில்லை. பயமுறுத்தவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், அதை ஒருவர் உட்கார்ந்து படித்துக் காட்டட்டும். அடுத்த நோயாளிக்கு மருந்து ஏற்றும் முன்பே இதைச் செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் வீட்டார்