தடைக்காலம் முழுவதும் கூகுளில் காணாமல்போன எங்கள் கடை: இணையதள நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
உரிமையாளர்,
மீன்வலை, படகுச் சாமான் விற்பனைக் கடை,
காசிமேடு, சென்னை.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
இணையதள வடிவமைப்பு, எஸ்.இ.ஓ. (தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும்) சேவை நிறுவனம்,
சென்னை.

நாள்: ஜூன் 18

பொருள்: எங்கள் இணையதளத்தைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிக் கெடுத்தது குறித்தும், சரிசெய்யவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருவது குறித்தும்.

ஐயா,

ஜூன் 14 நள்ளிரவோடு இந்த ஆண்டின் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. துறைமுகத்தில் படகுகள் கரையேறி நிற்கும். மரவேலை, எஞ்சின் வேலை, பெயின்ட் வேலை, வலை தைக்கும் வேலை எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு, புரொப்பல்லர் விற்கும் எங்களைப் போன்ற கடைக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி அப்போதுதான் கிடைக்கிறது. அந்த இரண்டு மாதமும் எங்கள் கடை கூகுளில் இல்லை. அதற்குக் காரணம் உங்கள் நிறுவனம்.

கோபத்தில் எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள். எங்களை அழைப்பவர்களிடம் "கடையை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்" என்று கேட்டு நோட்டில் குறித்துவைப்பது என் அப்பா காலத்துப் பழக்கம். சென்ற ஆண்டு தடைக்காலத்தில் இணையதளத்தைப் பார்த்து அழைத்தவர்கள் 214 பேர். இந்த ஆண்டு 31 பேர். அந்த 31 பேரிலும் பாதிக்கு மேல் எங்கள் இணைய முகவரியை ஏற்கெனவே வைத்திருந்த பழைய வாடிக்கையாளர்கள்.

பிப்ரவரியில் உங்கள் விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் பேசினார். தளம் பழையதாகிவிட்டது, புதிதாக அமைத்து மூன்று மாதத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவருவோம், அதற்கு உத்தரவாதம் உண்டு என்றார். தளம் அமைக்க 35,000 ரூபாய், அதன்பின் மாதம் 12,000 ரூபாய். நான்கு மாதத்துக்கு 48,000 ரூபாயும் சேர்த்து இதுவரை 83,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டுதலில் எழுதிவைத்திருக்கிறது. அதை நான் பின்னால்தான் படித்தேன். இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு அது அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 7 அன்று புதிய தளத்தை ஏற்றினீர்கள். அடுத்த வாரத்திலிருந்தே அழைப்புகள் நின்றன. நான் கேட்டபோதெல்லாம் "கூகுள் புதிய தளத்தைப் படிக்கக் கொஞ்ச நாள் ஆகும்" என்ற ஒரே பதில் வந்தது. ஆறு வாரம் அதை நம்பினேன். மே 19 அன்று கல்லூரியில் கணினி படிக்கும் என் அக்காள் மகள் தளத்தின் நிரல் வரிகளைத் திறந்து பார்த்தாள். எல்லாப் பக்கத்திலும் 'நோஇன்டெக்ஸ்' என்ற ஒரு சொல் இருந்தது. இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் கட்டளை அது. தளம் சோதனையில் இருக்கும்போது வைப்பார்கள், திறக்கும் நாளில் எடுத்துவிடுவார்கள். நீங்கள் எடுக்க மறந்துவிட்டீர்கள். கடை நிறையச் சாமானை அடுக்கிவிட்டு ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு போனதற்குச் சமம் இது. அதைவிட வேதனை, அந்த ஆறு வாரத்தில் உங்களில் ஒருவர்கூட, ஒரு தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று அதன் உரிமையாளருக்குக் கூகுள் காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எங்கள் பக்கங்கள் ஏன் விலக்கப்பட்டன என்று காரணத்தோடு அங்கேயே தெரிந்திருக்கும். மாதக் கட்டணம் வாங்குவது இதைப் பார்க்கத்தானே?

மே 21-ஆம் தேதி அந்தச் சொல்லை நீக்கினீர்கள். அதன்பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பழைய தளத்தில் இருந்த 58 பக்கங்களின் முகவரிகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. ஒரு முகவரியை எடுத்தால், அங்கே வருபவரை அதற்கு ஈடான புதிய முகவரிக்கு அனுப்பும் 301 திசைமாற்றத்தை ஒவ்வொன்றுக்கும் வைக்க வேண்டும். அதுதான் கூகுளுக்கும் மனிதர்களுக்கும் 'வீடு மாறிவிட்டோம், இங்கே வாருங்கள்' என்று சொல்லும் வழி. ஒரு பக்கத்துக்குக்கூட நீங்கள் அதை வைக்கவில்லை. பத்து ஆண்டுகளாகப் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் மீனவர் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்பட்ட எங்கள் இணைப்புகளைத் தொட்டவர்களுக்கு 'பக்கம் இல்லை' என்ற வெள்ளைத் திரைதான் கிடைத்தது.

அந்த 58 பக்கங்களைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவற்றை எழுதியவர் என் அப்பா. எந்த மீனுக்கு எந்தக் கண்ணி அளவு (வலைத் துளையின் அளவு), இழுவலைக்கு நூல் எத்தனை நம்பர், இத்தனை பாகம் நீள வலைக்கு எத்தனை மிதவை, வெயிலில் கிடக்கும் நைலான் வலை எதனால் சீக்கிரம் இற்றுப்போகிறது, படகு அதிர்ந்தால் புரொப்பல்லரில் பழுதா தண்டில் பழுதா என்று கண்டுபிடிப்பது எப்படி என்றெல்லாம் நோட்டுகளில் எழுதிவைத்திருந்தார். கடைக்கு வருபவர்கள் தினமும் கேட்கும் கேள்விகள் அவை. நான் அவற்றைத் தேடுபொறி படிக்கக்கூடிய தமிழ் யூனிகோடில் தட்டச்சு செய்து ஒவ்வொரு பக்கமாக ஏற்றினேன். அப்பா இப்போது இல்லை. ஆனால் படகுக்காரரின் மகனோ மருமகளோ தங்கள் கேள்வியைத் தமிழிலேயே செல்பேசியில் தட்டினால் அவருடைய பதில்தான் வந்து நிற்கும். பதிலைப் படித்தவர் கடைக்கு அழைப்பார். எங்களுக்குத் தெரிந்த எஸ்.இ.ஓ. அவ்வளவுதான், அது வேலை செய்துகொண்டிருந்தது.

'சொற்கள் அதிகம், வடிவமைப்புக்குப் பொருந்தவில்லை' என்று ஒரு வரியில் காரணம் சொல்லி அவை அனைத்தையும் நீக்கினீர்கள். என்னிடம் கேட்கவில்லை. விலைப்பட்டியலையும் அளவு அட்டவணையையும் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து, சுவரொட்டி போலப் படமாக்கி ஒட்டினீர்கள். படத்துக்குள் அடைபட்ட எழுத்தைப் பக்கத்தின் எழுத்தைப் போலத் தேடுபொறி எடுத்துக்கொள்வதில்லை. முக்கியமான தகவலை எழுத்தாகவே வையுங்கள் என்பது பாலபாடம். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்றுரைகூட அவற்றுக்கு எழுதப்படவில்லை. கைபேசியில் பெரிதாக்கினால் எண்கள் மங்குகின்றன. கண்ணி அளவு மங்கினால் அந்த அட்டவணை யாருக்குப் பயன்படும்?

நீக்கியவற்றுக்குப் பதிலாக நீங்கள் வைத்தவை இன்னும் மோசம். அம்பத்தூர், ஆவடி, தாம்பரம், வேளச்சேரி என்று 40 ஊர்களுக்கு 40 பக்கங்கள். ஊர்ப்பெயர் மட்டும் மாறுகிறது, மற்ற வரிகள் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கின்றன. 'சென்னையில் சிறந்த மீன்வலைக் கடை' என்ற தொடர் ஒரே பக்கத்தில் 23 முறை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். தேடுபவரை இழுப்பதற்காக மட்டும் உண்டாக்கும் இத்தகைய வாசல் பக்கங்களையும் சொல் திணிப்பையும் கூகுள் தன் ஸ்பேம் (ஏமாற்று வேலைகளுக்கு எதிரான) கொள்கையில் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. விசைப்படகு நிற்பது காசிமேட்டில். கடலே இல்லாத ஆவடியில் இழுவலை தேடுபவர் யார் என்று ஒருமுறை யோசித்திருந்தாலே அந்தப் பக்கம் பிறந்திருக்காது.

கட்டுரைகள் என்ற பெயரில் போட்டவற்றில் ஒன்று, தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் 45 நாட்கள் என்கிறது. முன்பு அப்படி இருந்தது, 61 நாட்களாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்னொன்று, மேற்குக் கடற்கரைக்குரிய ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான காலத்தை எங்களுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறது. எங்கள் கடையின் பெயரில் வந்த இந்தத் தவறைப் பார்த்த ஒரு படகு உரிமையாளர், நாற்பது ஆண்டு வாடிக்கையாளர், "உங்க அப்பா இருந்திருந்தால் இப்படி எழுதுவாராம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கூகுள் வரைபடத்தில் இருக்கும் எங்கள் கடை விவரத்தையும் விட்டுவைக்கவில்லை. பலகையில் உள்ள பெயர்தான் அங்கேயும் இருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் பெயரோடு 'சிறந்த', 'மலிவு விலை', 'சென்னை நம்பர் ஒன்' என்றெல்லாம் சேர்த்தீர்கள். மே முதல் வாரத்தில் விவரம் முடக்கப்பட்டு ஒன்பது நாள் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. கடை நேரத்தைக் காலை 10 முதல் இரவு 7 வரை என்று மாற்றியிருந்தீர்கள். காசிமேட்டில் மீன் ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும். எங்கள் கடை அதிகாலை 4 மணிக்குத் திறந்து பிற்பகல் 2 மணிக்கு மூடும். அதிகாலையில் வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு 'மூடியுள்ளது' என்று காட்டியது. மாலை ஐந்து மணிக்குத் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தடைக்காலத்திலும் ஃபைபர் படகுகள் கரையோரத்தில் தொழில் செய்கின்றன. அவர்களுக்கு ஒரு கயிறு அறுந்தாலும் அன்றைய பிழைப்பு போய்விடும். இந்த ஒரு தவறை மட்டுமாவது, கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

ஏப்ரல் மாத அறிக்கையில் பிற தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் 300 வெளி லிங்குகள் சேர்த்ததாகப் பெருமையாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். திறந்து பார்த்தோம். பெரும்பாலானவை சூதாட்டத் தளங்களும் யாருமே படிக்காத வெளிநாட்டுப் பட்டியல்களும்தான். தேடலில் உயர்வதற்காக விலைக்கு வாங்கும் லிங்குகளை ஒடுக்கத்தான் 2012-இல் கூகுள் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. உங்கள் பில்லில் 'மெட்டா கீவேர்டு பணி' என்று 4,000 ரூபாய் தனியாக இருக்கிறது. மெட்டா கீவேர்டு என்பது பக்கத்தின் நிரலுக்குள் தேடல் சொற்களை எழுதிவைக்கும் குறிச்சொல்; தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. இல்லாத வேலைக்கு எதற்கு இந்தத் தொகை? முகப்பில் ஓடும் கடல் வீடியோ, துறைமுகத்தில் நின்று செல்பேசியில் பார்த்தால் திறக்கவே பத்து விநாடிக்கு மேல் ஆகிறது. பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. தளத்தின் செல்பேசி வடிவத்தைத்தான் அது முதன்மையாகப் படிக்கிறது. எங்களுக்குக் கடலைக் காட்ட வீடியோ தேவையில்லை, அதை எடுத்துவிடுங்கள்.

இனி நான் கேட்பவை. முதலாவதும் முக்கியமானதும், அப்பாவின் 58 பக்கங்கள் எழுத்து வடிவிலேயே திரும்ப வர வேண்டும். உங்கள் சர்வரில் பிரதி இல்லை என்கிறீர்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்திலிருந்து 41 பக்கங்களை என் அக்காள் மகள் மீட்டுவிட்டாள், மற்றவற்றை நோட்டைப் பார்த்து நானே தட்டச்சு செய்து தருகிறேன். அவற்றைப் பழைய முகவரிகளிலேயே வையுங்கள், அல்லது ஒவ்வொன்றுக்கும் முறையான 301 திசைமாற்றம் வையுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் வேலை வேண்டாம், கண்ணி அளவு தேடி வந்தவர் கண்ணி அளவுப் பக்கத்துக்கே போக வேண்டும். 40 ஊர்ப் பக்கங்களையும் தடைக்காலக் கட்டுரைகளையும் நீக்குங்கள். வாங்கிய லிங்குகளை அந்தந்தத் தளங்களிலிருந்து அகற்றச் செய்து, எழுத்தில் தெரிவியுங்கள்.

அடுத்தது, தளத்தின் டொமைன் பெயரை (இணைய முகவரியை) உங்கள் நிறுவனத்தின் பெயரில் மாற்றிப் பதிவு செய்திருக்கிறீர்கள். சர்ச் கன்சோலும் வரைபட விவரமும் உங்கள் மின்னஞ்சலில்தான் இருக்கின்றன. இவை மூன்றும் என் பெயருக்கு மாற வேண்டும். கடைச் சாவியை வெள்ளையடிக்க வந்தவரிடமே விட்டுவைக்க எனக்கு விருப்பமில்லை. ஏப்ரல், மே மாதங்களுக்கான 24,000 ரூபாயையும் மெட்டா கீவேர்டுக்காக வாங்கிய 4,000 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். இழந்த வியாபாரத்துக்கு நான் இப்போது கணக்குப் போடவில்லை.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வணிகத்துக்காகப் பெற்ற சேவை என்று சொல்லி அங்கே தப்ப முடியாது. சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவர்களையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது. அழைப்பு நோட்டின் நகல், பில்கள், உங்கள் மாத அறிக்கைகள், மே 19 அன்று எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் இத்துடன் இருக்கின்றன.

பிப்ரவரி முதல் இன்றுவரை உங்கள் நிறுவனத்தார் ஒருவர்கூடக் கடைக்கு வந்ததில்லை. பக்கங்களைத் திருத்தப்போகிறவரை ஒருநாள் அனுப்பிவையுங்கள். அதிகாலை 4 மணியிலிருந்து நான் இருப்பேன். வருபவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
காசிமேடு.