ரெய்க்யவிக்கிலிருந்து பல்லாவரத்துக்கு

அன்புள்ள அப்பா,

இங்கே ஐஸ்லாந்தில் நலம். கிரிண்டாவிக் எரிவதை டிவியில் பார்த்து அம்மா பயந்துபோனதாகச் சொன்னீர்கள். அந்த ஊர் இங்கிருந்து சுமார் 40 கி.மீ. 2024 ஜனவரியில் லாவா வந்து சில வீடுகளை எரிப்பதற்கு முன்பே ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள்.

எங்கள் காலடியில் நெருப்புக் கடல் எதுவும் இல்லை. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் என்ற அடுக்கு கெட்டிப் பாறைதான். மேலே உள்ள எடை அழுத்துவதால் அத்தனை சூட்டிலும் உருகாமல் கிடக்கிறது. குக்கருக்குள் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் தண்ணீராகவே இருந்து, ஆவியைத் திறந்துவிட்டதும் குபுகுபுவெனப் பொங்குமே, அந்தக் கணக்குதான். இங்கே இரண்டு நிலத்தட்டுகள் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. விலகுகின்றன. அடிப்பாறை எழும்புகிறது, அழுத்தம் குறைகிறது, புதிதாகச் சூடேற்றாமலே அதில் ஒரு சிறு பங்கு உருகிவிடுகிறது. அந்தப் பாறைக் குழம்புதான் மாக்மா; ஆறினால் பசால்ட் என்ற கறுங்கல். குழம்பைப் பிசுபிசுப்பாக்கும் சிலிகா பாதியளவுதான் என்பதால் இளக்கமாக இருக்கும். வாயு சுலபமாகப் பிரிந்துவிடும். வெடிப்பதைவிட ஓடுவதே அதிகம்.

மாக்மா வெளியே வரும்போது எதைத் தொடுகிறது என்பதில்தான் மலையின் உருவம் இருக்கிறது. வெட்டவெளியில் வழிந்தால் ஸ்கியால்ட்பிரெய்துர் மலை மாதிரி கவிழ்த்த கேடயமாகப் பரந்து படுக்கும். தடித்த பனிக்கு அடியில் கிளம்பினால் உருகிய நீர் நொடியில் ஆவியாகி மாக்மாவைத் தூளாக்கும். பனியே சுவராக நின்று தடுப்பதால் பக்கம் செங்குத்தாகவும், கடைசியில் பனிக்கு மேலே லாவா பரவுவதால் தலை தட்டையாகவும் ஒரு மலை எழும். ஹெர்துபிரெய்த் அப்படிப்பட்டது. இரண்டுக்கும் சரக்கு ஒன்றே!

இங்கே கடற்கரை கறுப்பாக இருப்பதும் இந்தப் பசால்ட்டால்தான். மெரினா மணலில் வெளிர் நிறக் குவார்ட்ஸ் நிறைய; பசால்ட்டில் அது அநேகமாகக் கிடையாது. நம் பல்லாவரத்துப் பாறையான சார்னகைட்டுக்குச் சுமார் 250 கோடி வயது என்றால், இந்தத் தீவின் மிகப் பழைய கல்லுக்கே 1.6 கோடிதான்.

லாவா பார்க்கப் போகிறவர்கள் காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும், பள்ளத்தில் இறங்கக் கூடாது. கந்தக வாயு கனமானது, தாழ்வில் தேங்கும். மேலே கறுத்த ஓடு இருந்தாலும் உள்ளே 1,000 டிகிரிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் கால் வைப்பது மடத்தனம்.

வெந்நீர்க் குழாயில் லேசாக அழுகிய முட்டை வாடை வரும், அம்மா முகம் சுளிக்க வேண்டாம். பூமிச் சூட்டில் வரும் நீர் அது, குளிக்கலாம். குடிக்கக் குளிர்ந்த குழாய் தனி. இங்கே வரும்போது வெள்ளிக் கொலுசை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள், கந்தகத்தில் கறுத்துவிடும்.

அன்புடன்,
உங்கள் மகள்