எம்டன் நீர்மூழ்கி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த முதல் உலகப் போர்க் கட்டுரையில், “1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மன் நீர்மூழ்கிகள் காலையில் மூன்று பிரிட்டிஷ் கப்பல்களையும், இரவில் சென்னையையும் தாக்கின” என்று ஒரு வரி இருக்கிறது. தேதி சரி, காலை இரவும் சரி. ஆனால் சென்னைக்கு வந்த எம்டன் நீர்மூழ்கி அல்ல. நிலக்கரி எரித்துக் கடல்மேல் ஓடிய குரூசர் வகைப் போர்க்கப்பல் அது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியவை 10.5 செ.மீ. பீரங்கிக் குண்டுகள். கட்டுரைக்கு மேல் தாங்களே அச்சிட்டிருக்கும் படத்தில் மூன்று புகைபோக்கிகள் தெளிவாகத் தெரிகின்றன. அந்தப் படத்துக்குக் கீழேயும் ‘எம்டன் நீர்மூழ்கி’ என்றே போட்டிருப்பதைப் பார்த்தபோது மனம் மிகவும் வருந்தியது.

காலையில் தாக்கியதுதான் நீர்மூழ்கி. யு-9, கேப்டன் ஓட்டோ வெடிகன். அவரைப் பற்றித் தங்கள் கட்டுரை எழுதியது இரண்டே வரி. ‘யார் கண்ணுக்கும் படாத மாய இயந்திரம்’ என்கிறது அதில் ஒன்று. அந்தப் படகின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடியவை. பகலில் வெள்ளைப் புகை கக்கும், இரவில் தீப்பொறி பறக்கும். புகை போக மேல்தளத்தில் ஒரு குழாயை நிறுத்த வேண்டும், மூழ்குவதற்கு முன் அதை அகற்ற வேண்டும். நீருக்குள் மின்கலத்தை நம்பி மணிக்கு 8 கடல் மைல், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அன்று திசைகாட்டி கோளாறாகி, டச்சுக் கரையோரம் தடம் மாறி வந்து, மின்கலத்துக்குச் சார்ஜ் ஏற்ற மேலே வந்தபோதுதான் குரூசர்கள் கண்ணில் பட்டன. இதில் மாயம் எங்கே இருக்கிறது?

பிரிட்டிஷ் தரப்பின் பிழைகளையும் கட்டுரை விட்டுவிட்டது. அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி மூன்றும் 10 கடல் மைல் வேகத்தில், வளைந்து வளைந்து ஓடாமல் நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருந்தன. கடல் கொந்தளிப்பால், காவலுக்கு வரும் டெஸ்ட்ராயர் என்ற சிறு போர்க்கப்பல்கள் உடன் இல்லை. காலை 6.20க்குச் சுமார் 500 மீட்டரிலிருந்து ஒரே டார்பிடோ, அதாவது நீருக்குள் பாய்ந்து சென்று வெடிக்கும் குண்டு, அபூகிரைத் தாக்கியது. அதன் கேப்டன் கண்ணிவெடி என்று நினைத்து மற்ற இரண்டையும் உதவிக்கு அருகே அழைத்தார். 6.55க்கு ஹோக் மீது இரண்டு. அவ்வளவு நெருங்கிவிட்டதால், மோதாமல் இருக்க வெடிகன் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருந்தது. பிறகு கிரெஸ்ஸி மீது டார்பிடோ செலுத்தும் பின்குழாய்கள் இரண்டிலிருந்தும், 7.30 வாக்கில் முன்குழாயிலிருந்து கடைசி ஒன்றும். இறந்தவர்கள் 1,459 பேர். அவர்களில் 15 வயதுப் பயிற்சி மாணவர்களும் உண்டு.

கணக்குப் பாருங்கள். செலுத்தியது ஆறு டார்பிடோ, குழாய்கள் முன்னே இரண்டு, பின்னே இரண்டு, ஆக நான்குதான். அப்படியானால் இரண்டு டார்பிடோக்கள் நீருக்கடியிலேயே ஏற்றப்பட்டவை. வெளிக்கதவை அடைத்து, குழாயில் புகுந்த நீரை வடித்து, உள்கதவைத் திறந்து, முக்கால் டன் எடையுள்ள டார்பிடோவைக் கப்பி கட்டி உள்ளே தள்ளி, மறுபடி அடைக்க வேண்டும். எடை இடம் மாற மாறப் படகு முன்னும் பின்னும் சாயும். அதைச் சமனில் நிறுத்தியபடியே இத்தனையும் நடக்க வேண்டும். போருக்குச் சில வாரம் முன், 1914 ஜூலை 16 அன்றுதான் யு-9 ஆட்கள் இதைப் பயிற்சியில் செய்துகாட்டினார்கள். அதற்கு முன் எந்த நீர்மூழ்கியும் செய்ததில்லை. வெடிகனின் சாதனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். கட்டுரையில் இது அறவே இல்லை.

டார்பிடோ வெளியேறியதும் குழாயில் புகும் நீர் அந்த எடைக்கு உடனே ஈடாகாது. மூக்கு மேலே தூக்கும். ஹோக்கைத் தாக்கியபோது யு-9 அப்படித்தான் நீர்மேல் தலைகாட்டிக் குண்டு மழையில் சிக்கியது. ஆட்கள் முன்னுக்கும் பின்னுக்குமாக ஓடி, தங்கள் உடல் எடையாலேயே படகைச் சமன்செய்தார்கள். இதைத் தெரிந்துகொண்டால்தான் வெடிகனின் முடிவும் விளங்கும். அக்டோபர் 15 அன்று ஹாக் என்ற குரூசரையும் மூழ்கடித்த பிறகு அவருக்கு யு-29 என்ற வேறொரு நீர்மூழ்கி தரப்பட்டது. 1915 மார்ச் 18, ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட் நீரிணை. நெப்டியூன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மீது விட்ட டார்பிடோ தவறியது, படகு நீர்மேல் எழுந்துவிட்டது. ட்ரெட்நாட் என்ற மற்றொரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் நேரே வந்து மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. கட்டுரையோ ‘போரில் வீரமரணம்’ என்று முடித்துக்கொண்டது.

இன்னொரு பழைய வருத்தமும் உண்டு. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்று தாங்கள் திரும்பத் திரும்ப வெளியிடுகிறீர்கள். எம்டன் 1910 முதல் கிழக்காசியப் படையில் இருந்த கப்பல், சீனாவின் சிங்தாவிலிருந்து போருக்குப் புறப்பட்டது. அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். அவர் உண்மையில் செய்த பணிகளே நிறைய இருக்க, இந்தக் கதை அவருக்கு எதற்கு? இதைப் பற்றி முன்பு இரு கடிதங்கள் எழுதினேன். சிறுவர் பக்க வினாடி வினாவில் ‘சென்னையைத் தாக்கிய நீர்மூழ்கி எது?’ என்று கேட்டு, ‘எம்டன்’ என்று விடை அச்சிட்டபோதும் எழுதினேன். பதில் இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் தங்கள் இதழை வெட்டி ஒட்டிவைக்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

எம்டனையும் நீர்மூழ்கியையும் சேர்த்துச் சொல்லத்தான் ஆசையென்றால் அதற்கு ஓர் உண்மையே இருக்கிறது. ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம், மனிதருக்கு அல்லாமல் கப்பலுக்கே இரும்புச் சிலுவை விருது அளித்தது யு-9க்கும் எம்டனுக்கும் மட்டும்தான்.

அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது, ‘எம்டன் நீர்மூழ்கி அல்ல, குரூசர்’ என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பில் படத்தின் கீழுள்ள அந்த ஒரு சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி