ஒயில் ஊற்றியதோடு விட்டுவிடாதே, மகள்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதை அப்பாவிடமும் சொன்னேன். நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது பிரேக் மெத்தென்று உள்ளே போனது, மறுநாள் காலையில் சரியாக இருந்தது, ஆனாலும் பயத்தில் கராஜுக்குக் கொண்டுபோனாய், அவர்கள் கொஞ்சம் பிரேக் ஒயில் ஊற்றி "இனிப் பிரச்சினை இல்லை மிஸ்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்த ஊற்றல்தான் பிடிக்கவில்லை. பிரேக் ஒயில் பெற்றோல் மாதிரி எரிந்து தீருகிற சாமான் இல்லை, மூடின குழாய்க்குள் நிற்பது. அது குறைந்திருந்தால் ஒன்று முன் பேட், அதாவது சில்லின் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்துகிற கட்டை, தேய்ந்து, அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வந்த இடத்தை நிரப்பப் போயிருக்கும், இல்லாவிட்டால் எங்கேயோ ஒழுகுகிறது. பேட் தேய்ந்ததால் மட்டும் பெடல் மெத்தென்று ஆகாது. காரணம் பார்க்காமல் ஊற்றினால், இருந்த ஒரு தடயமும் மறைந்துபோகும், அவ்வளவுதான்.

மாமாவின் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடையில் கவுண்டரில் நின்ற காலத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். "பெடல் சொஃப்ட், மாஸ்டர் சிலிண்டர் ஒன்று தாங்கோ" என்று வருவார்கள், அதுதான் பெடல் மிதியால் ஒயிலைக் குழாய்க்குள் தள்ளுகிற சாமான், வாங்கிப்போய்ப் பூட்டுவார்கள், திரும்பவும் அதே முகத்தோடு வருவார்கள். கடைசியில் பார்த்தால், பின் சில்லுக்குள் பிரேக்கைத் தள்ளுகிற சின்னச் சிலிண்டரில் கசிவு. அதனால்தான் சொல்கிறேன், சாமான் வாங்குவதற்கு முன்னால் பெடல் என்ன சொல்கிறது என்று கேள்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து தரம் மிதி. ஒவ்வொரு மிதிக்கும் பெடல் உயர்ந்து இறுகிக்கொண்டு வந்தால் குழாயில் எயார் இருக்கலாம், அல்லது பின் சில்லின் டிரம்முக்கும், அதை உள்ளிருந்து உரசி நிறுத்துகிற ஷூவுக்கும் இடைவெளி கூடிவிட்டது. மேலே வந்த பிறகும் காலுக்கு மெதுமெதுவென்று இருந்தால் எயார், மேலே வந்ததும் கல் மாதிரி நின்றால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட். அப்புறம் பெடலை அமத்திக்கொண்டே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணு. அந்த நேரம் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும், அதற்குப் பயப்படாதே, மிதிக்குப் பலம் சேர்க்கிற பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்படியே எஞ்சின் ஓட, ஒரே பலத்தில் அரை நிமிடம் அமத்திப் பிடி. கால் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் விடுகிறது, அல்லது வெளியே எங்கேயோ ஒயில் போகிறது. அப்படிப் போனால் அந்த வாகனத்தை ஒரு அடியும் ஓட்டாதே, கராஜ்காரரை வீட்டுக்குக் கூப்பிடு.

ஒழுகலைத் தேட டோர்ச் ஒன்றும் வெள்ளைக் கடதாசியும் போதும். நாலு சில்லுக்கும் உள்பக்கம், பின் டிரம்முக்குப் பின்னால் இருக்கிற தகட்டின் கீழ் விளிம்பு, ரப்பர் ஹோஸ் வளைகிற இடங்கள், அப்புறம் பெடலுக்கு மேலே அதன் தண்டு எஞ்சின் பக்கச் சுவருக்குள் போகிற இடம், எல்லாவற்றிலும் கடதாசியை ஒற்றிப் பார். ஈரமும் வழவழப்பும் தெரிந்தால் அங்கேதான் ஆள் இருக்கிறார். பின் சில்லில் என்றால் இரண்டு பக்கத்துச் சிலிண்டரையும் சேர்த்து மாற்றச் சொல், ஒயில் பட்ட ஷூவைக் கழுவித் திரும்பப் பூட்ட விடாதே.

ஆனால் எனக்கு மிகவும் சந்தேகம், அந்த "காலையில் சரியாக இருந்தது" என்ற பேச்சில்தான். அதைக் கராஜில் சொன்னாயா? நுவரெலியா 6000 அடிக்கு மேல் இருக்கிறது, அங்கிருந்து கம்பளை வரைக்கும் வளைவு வளைவாக இறக்கம்தான். பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால் டிஸ்க்கும் பேட்டும் கொதிக்கும், அந்தச் சூடு ஒயிலுக்கும் போகும். இந்த ஒயிலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம், வருடக்கணக்கில் மாற்றாவிட்டால் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் தண்ணீர் சேர்ந்துவிடும். போத்தலில் டொட் 3, டொட் 4 என்று ஒயிலின் தரம் போட்டிருக்கும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது, ஈரம் சேர்ந்த பிறகு 140 பாகை தாங்கினாலே போதும் என்றுதான் தரம் வைத்திருக்கிறார்கள். டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஒயில் நசுங்காது, ஆவி நசுங்கும், நீ மிதிக்கிற பலம் எல்லாம் அதை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறினதும் ஆவி திரும்பவும் ஒயிலோடு சேர்ந்துவிடும், பெடல் எழும்பிவிடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள், அடுத்த இறக்கம் வரைக்கும். இதற்கு ஊற்றுவது மருந்தே இல்லை, பழையதை முழுக்க வெளியே எடுக்க வேண்டும்.

எடுக்கும்போது நீ பக்கத்தில் நில். தூரத்துச் சில்லில் தொடங்குவார்கள், நம் நாட்டு வாகனங்களில் அது பொதுவாகப் பின் இடது, உன் வாகனத்துப் புத்தகத்தில் வேறு ஒழுங்கு போட்டிருந்தால் அதன்படி செய்யச் சொல். சில்லில் ஒயிலை வெளியே விடத் திறக்கிற நிப்பிளில் தெளிவான டியூப்பை மாட்டி, மறு நுனி போத்தலில் ஒயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, பூட்டிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும், முந்திவிட்டால் எயார் உள்ளே போய்விடும். குமிழி நின்று, தேத்தண்ணி நிறம் போய்த் தெளிவாக வரும் வரைக்கும் விடச் சொல், நடுவில் ஒயில் ஊற்றுகிற மேல் டாங்கி வற்றக் கூடாது. இன்னொன்று, பழைய வாகனத்தில் பெடலைத் தரை வரைக்கும் அமத்த விடாதே. மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதிக்கு சீல் சாதாரணமாகப் போவதில்லை, அங்கே அழுக்கும் துருவும் படிந்திருக்கும், சீல் அதில் உரசிக் கிழிந்தால் நல்ல சிலிண்டரும் போய்விடும். பெடலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தால் அந்தப் பயம் இல்லை.

வெளியே எடுத்த ஒயிலைத் திரும்ப ஊற்ற விடாதே, பாதி போத்தலாகத் திறந்து கிடந்ததையும் வேண்டாம் என்று சொல். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு, விட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும். சீல் உடைக்காத டொட் 4 போத்தல் நாளைக்கே வாங்கி, மாமாவிடம் கொடுத்து நுவரெலியா பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். உள்ளே டொட் 3 இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் சேரும். டொட் 5 என்று யாராவது கொடுத்தால் மட்டும் தொடாதே, அது சிலிக்கோன், சேராது. சிலிண்டர் தேவைப்பட்டால் பழையதைக் கழற்றின பிறகு எழுத்து தெரிகிற மாதிரிப் படம் எடுத்து அனுப்பு, டூப்ளிகேட் இல்லாமல் நான் பார்த்து வாங்கித் தருவேன். காசைப் பற்றி யோசிக்காதே, அப்பா ஏற்கனவே எடுத்து வைத்துவிட்டார்.

இனி இறங்கும்போது இரண்டாம் கியரில் வா, எஞ்சின் பிடிக்கட்டும், பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும், ஓரமாக்கி வழி விடு. முதலில் அந்த இரண்டு சோதனையையும் செய்துவிட்டு எனக்குப் போன் எடு, அரை நிமிடம் பிடித்தபோது என்ன நடந்தது என்று மறக்காமல் சொல். வேலை முடியும் வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய் வா, பிள்ளை.

அம்மா
வெள்ளவத்தை